எழுத்தில் பேசிய தொலைபேசி



நம் வளாகத்தின் பழைய இண்டர்காமை எடுத்துவிட்டுப் புதியதுக்கு மாறுவது பற்றி வரும் பொதுக்குழுவில் பேச இருக்கிறோம். விலை என்ன, வாரண்டி எத்தனை வருடம், வயரிங்கைத் திரும்ப இழுக்க வேண்டுமா, இண்டர்காமே வேண்டாம் ஆப் போதுமா என்றெல்லாம் விவாதம் வரும். வரட்டும், நல்லதுதான். அந்த விவாதத்துக்கு முன் தொலைபேசியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். காது கேளாதவர்கள் தொலைபேசியைத் தங்களுக்கும் உரியதாக்கிக்கொண்ட கதை அது. நடந்தது அமெரிக்காவில். ஆனால் அதில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கண்டுபிடித்தவர் வீட்டிலேயே பயன்படாத கருவி

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பள்ளிக் குழந்தைகூட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் என்று சொல்லிவிடும். அவருடைய தொழில் என்ன என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் காது கேளாதோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்.

பெல் 1847-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அப்பா, வாய் எப்படி அசைந்தால் எந்த ஒலி பிறக்கும் என்பதைக் குறியீடுகளாக எழுதிக் காட்டும் ஒரு முறையை உருவாக்கியவர். அந்த முறையைக் கற்றுக்கொடுக்கத்தான் பெல் 1871-ல் பாஸ்டனுக்கு வந்தார். அங்கே அவரிடம் படிக்க வந்தவர்களில் ஒருவர் மேபல் ஹப்பர்ட். 5 வயதில் வந்த விஷக் காய்ச்சலில் கேட்கும் திறனை முழுதாக இழந்தவர். 1876 மார்ச்சில் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை கிடைத்தது. 1877-ல் மேபலைத் திருமணம் செய்துகொண்டார். தன் கம்பெனிப் பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் மனைவிக்கே எழுதிக்கொடுத்தார்.

ஆக, தொலைபேசிக் கம்பெனியின் பங்குகளைக் கையில் வைத்திருந்த அந்த அம்மாள், தொலைபேசியில் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாதவர்.

பெல்லைப் பற்றிக் காது கேளாத சமூகத்தில் இன்றும் மனக்கசப்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சைகை மொழி கூடாது, எல்லோரும் உதட்டைப் படித்து வாயால் பேசியே ஆகவேண்டும் என்பது அவர் கட்சி. காது கேளாதவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்வது நல்லதல்ல என்று 1883-ல் அறிவியல் அறிஞர்கள் முன்னிலையில் ஒரு கட்டுரையே படித்தார். அவர்கள் மீது அக்கறை இருந்தது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்கும் பழக்கம் மட்டும் இல்லை. இந்தக் கதை முழுவதும் இந்த ஒரு குறை திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

அடைபட்ட கதவு

தொலைபேசி வருவதற்கு முன் காது கேளாதவர் ஒன்றும் பின்தங்கி இருக்கவில்லை. ஊர் விட்டு ஊர் செய்தி போக இரண்டே வழி: கடிதம், தந்தி. இரண்டும் எழுத்து. இரண்டிலும் எல்லோரும் சமம். தாமஸ் ஆல்வா எடிசனுக்குக் காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் இளமையில் தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்தே பிழைத்தவர்.

தொலைபேசி பரவப் பரவ நிலைமை மாறியது. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க ஃபோன். வேலைக்கு விண்ணப்பிக்க ஃபோன். தீப்பிடித்தால் ஃபோன். மேலதிகாரி ஆகவேண்டும் என்றால் ஃபோனில் பேசத் தெரிய வேண்டும். உலகத்துக்கு ஒரு புதிய வசதி வந்தபோது, ஒரு பகுதி மக்களுக்கு இருந்த வசதி போய்விட்டது.

அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், 'எனக்காக ஒரு ஃபோன் போடுங்கள்' என்று எழுதிக் காட்டுவார்கள். காது கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளைதான் ஃபோன். வங்கிக் கடன், அம்மாவின் உடல்நலம், அப்பாவின் வேலைப் பிரச்சினை எல்லாமே 8 வயதுப் பிள்ளையின் வாய் வழியாகப் போய் வரும். நண்பரைப் பார்க்க ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போவார்கள். வீடு பூட்டியிருக்கும். கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

யோசித்துப் பாருங்கள். நம் சொந்த விஷயம் ஒவ்வொன்றும் அடுத்த வீட்டாருக்குத் தெரிந்துதான் நடக்கும் என்றால் நமக்கு எப்படி இருக்கும்? உதவுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தினமும் போய் நிற்பது கடினம். ஒன்றிரண்டு வருடமல்ல, 1876 முதல் 1964 வரை 88 ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

மூன்று பேர் சேர்ந்தார்கள்

கதவைத் திறந்தது தொலைபேசிக் கம்பெனி அல்ல, அரசாங்கமும் அல்ல. காது கேளாத மூன்று பேர்.

முதலாமவர் ராபர்ட் வெய்ட்பிரெக்ட். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்பியலாளர். பொழுதுபோக்காக ஹாம் ரேடியோ வைத்திருந்தவர். பேசிக் கேட்க முடியாது என்பதால், ரேடியோவோடு ஒரு டெலிபிரிண்டரை இணைத்து எழுத்தாக அனுப்பி, எழுத்தாகப் பெற்றுக்கொண்டிருந்தார். பழைய பத்திரிகை அலுவலகங்களில் கடகடவென்று செய்தியை அடித்துத் தள்ளுமே ஓர் இயந்திரம், அதேதான்.

இரண்டாமவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ். பாசடினா நகரில் பல் சீரமைப்பு டாக்டர். சொந்தமாக விமானம் ஓட்டுவார். நோயாளிகளின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். ஆனால் ஃபோன் என்றால் யாராவது பக்கத்தில் இருந்து கேட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாமவர் ஆண்ட்ரூ சாக்ஸ். நியூயார்க்கின் புகழ்பெற்ற சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பொறியியல் தெரிந்தவர், வியாபாரமும் தெரிந்தவர்.

1960களின் தொடக்கத்தில் வெய்ட்பிரெக்டின் டெலிபிரிண்டர் பற்றிக் கேள்விப்பட்டு மார்ஸ்டர்ஸ் அவரைத் தொடர்புகொண்டார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ரேடியோவில் போகிற இந்த எழுத்து சாதாரண தொலைபேசிக் கம்பியில் போகாதா? ரேடியோவுக்கு உரிமம் வேண்டும், ஏரியல் வேண்டும். தொலைபேசிக் கம்பி வீட்டுக்கு வீடு ஏற்கெனவே வந்திருக்கிறதே!

போகும் என்றார் வெய்ட்பிரெக்ட். டெலிபிரிண்டரில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து மின்துடிப்புகளின் கூட்டு. துடிப்பு உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். அந்த இரண்டு நிலைகளையும் இரண்டு விதமான கீச்சொலிகளாக மாற்றினால் போதும். ஒலி என்றால் தொலைபேசி கொண்டு போய்விடும். எதிர்முனையில் கீச்சொலியைத் திரும்பத் துடிப்பாக்கி இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது எழுத்தாக அடித்துவிடும். கம்பியில் எழும் எதிரொலி எழுத்துகளைக் குழப்பாமல் தடுப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அதற்கும் வெய்ட்பிரெக்ட் வழி கண்டார்.

1964 மே மாதம், தங்கள் வீட்டுத் தொலைபேசிக் கம்பிகள் வழியாக வெய்ட்பிரெக்டும் மார்ஸ்டர்ஸும் தட்டச்சில் பேசிக்கொண்டார்கள். காது கேளாத இருவர், நடுவில் யாரும் இல்லாமல், சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் தொலைதூரம் பேசிய முதல் உரையாடல் அது. ஃபோன் மணிக்குப் பதிலாக விளக்கு மின்னும். ரிசீவரை எடுத்து இயந்திரத்தில் வைத்துவிட்டுத் தட்ட வேண்டியதுதான். இந்தக் கருவிக்கு டிடிஒய் என்று பெயர் நிலைத்தது.

இதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அடிக்க முடியும். அதனால் ஒரு மரியாதை உருவாயிற்று. நான் சொல்லி முடித்துவிட்டேன், இனி நீங்கள் என்பதற்கு 'ஜிஏ' என்று அடிப்பார்கள். பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்றால் 'எஸ்கே'. நம் வளாகத்துக் கூட்டங்களிலும் இந்தப் பழக்கம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ரப்பர் குழிகள் எதற்கு?

டிடிஒய் படத்தை எங்காவது பார்த்தால் கவனியுங்கள். மேலே இரண்டு ரப்பர் குழிகள் இருக்கும். ஃபோன் ரிசீவரை அப்படியே அதில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஏன், வயரை நேராக இணைத்தால் என்ன?

இணைக்கக் கூடாது என்பது தொலைபேசிக் கம்பெனியின் விதி. அன்றைய அமெரிக்காவில் ஏடி அண்டு டி என்ற ஒரே நிறுவனம்தான் ஏறத்தாழ எல்லாம். கம்பி அவர்களுடையது, கருவியும் அவர்களுடையது. வெளிக்கருவி எதையும் அவர்கள் கம்பியில் மாட்டக் கூடாது. ஃபோனில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்க, வாய் வைக்கும் இடத்தில் மாட்டும் 'ஹஷ்-ஏ-ஃபோன்' என்ற ஒரு சாதாரண மூடியைக்கூட அவர்கள் எதிர்த்தார்கள். அந்த வழக்கு நீதிமன்றம் வரை போய் 1956-ல்தான் மூடிக்காரர் வென்றார்.

ஆகவே வெய்ட்பிரெக்ட் கம்பியைத் தொடவே இல்லை. ரிசீவர் காதருகே வைக்கப்படுவதற்குப் பதிலாக ரப்பர் குழியில் வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். விதியை மீறாமல் விதியைத் தாண்டினார்.

1968-ல் டெக்ஸாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவரின் 'கார்ட்டர்ஃபோன்' வழக்கில், தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையையே நீக்கியது. வலைப்பின்னலுக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்று தீர்ப்பு. பின்னாளில் ஃபேக்ஸ், மோடம், பதில் சொல்லும் இயந்திரம் எல்லாம் வீடுகளுக்கு வந்தது இந்த வழி திறந்த பிறகுதான்.

பழைய இரும்பில் பிறந்த வலைப்பின்னல்

கருவி தயார். ஆனால் ஓர் ஆள் மட்டும் ஃபோன் வைத்திருந்து என்ன பயன்? இன்னொருவரிடமும் இருக்க வேண்டுமே. புது டெலிபிரிண்டர் வாங்கச் சாதாரணக் குடும்பத்துக்கு வசதி கிடையாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. பெரிய நிறுவனங்கள் கழித்துக்கட்டிய பழைய டெலிபிரிண்டர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்தார்கள் காது கேளாத தன்னார்வலர்கள். 1968-ல் ஏடி அண்டு டி தன் உபரி இயந்திரங்களைத் தர ஒப்புக்கொண்டது. அவற்றைப் பெற்று வழங்க அதே ஆண்டு ஓர் அமைப்பும் உருவானது. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணற வைக்கும் இரும்பு இயந்திரங்கள் அவை. கார் ஷெட்டில், வீட்டு நிலவறையில் அவற்றைப் பிரித்துப் போட்டு, எண்ணெய் விட்டு, சரிசெய்து, வீடு வீடாகக் கொண்டு போய்ப் பொருத்திக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளும் மாலை நேரங்களும் அதற்கே போயின. டிடிஒய் வைத்திருப்போரின் பெயர், எண் அடங்கிய விவரத் தொகுப்பை ஆண்டுதோறும் அச்சிட்டார்கள். முதலில் மெல்லிய கையேடு, பிறகு தடித்த புத்தகம்.

1970களில் மின்னணு டிடிஒய் வந்தது. ஒரு சிறு தட்டச்சுப் பொறி அளவுதான், கையில் எடுத்துப் போகலாம். கடகடச் சத்தமும் நின்றது.

நடுவில் ஒரு குரல்

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசலாம். காய்கறிக் கடைக்கு? மருத்துவமனைக்கு? பிள்ளையின் பள்ளிக்கு? அங்கெல்லாம் டிடிஒய் கிடையாதே.

இதற்குப் பிறந்ததுதான் 'ரிலே' சேவை. நடுவில் ஓர் உதவியாளர் இருப்பார். காது கேளாதவர் தட்டச்சு செய்வதை அவர் கடைக்காரருக்கு வாய்விட்டுப் படிப்பார். கடைக்காரர் பேசுவதை இவருக்குத் தட்டச்சு செய்வார். 1974-ல் கனெக்டிகட் மாநிலத்தில் இப்படி ஒரு மையம் தொடங்கியது. பல ஊர்களில் தன்னார்வலர்களே நடத்தினார்கள். நேரம் குறைவு, ஆள் குறைவு. இரவில் கிடையாது. ஒரு நாளைக்கு இத்தனை அழைப்புதான், ஓர் அழைப்புக்கு இத்தனை நிமிடம்தான் என்ற கட்டுப்பாடு வேறு. 1987-ல் கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் 24 மணி நேர ரிலே சேவை வந்தது.

நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தது 1990-ன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். அது எளிதில் வரவில்லை. 1988-ல் வாஷிங்டனில் உள்ள காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்தில், காது கேளாத ஒருவரையே தலைவராக்க வேண்டும் என்று மாணவர்கள் ஒரு வாரம் வாயில்களை அடைத்துப் போராடி வென்றார்கள். 1990 மார்ச்சில், சட்டம் கிடப்பில் கிடப்பதைக் கண்டித்து, பலர் தங்கள் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி நாடாளுமன்றத்தின் படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள். அந்த ஜூலை 26-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் நான்காம் பகுதி தொலைபேசிக் கம்பெனிகளுக்குச் சொன்னது இதுதான். 1993 ஜூலைக்குள் நாடெங்கும் ரிலே சேவை இருக்க வேண்டும், இரவு பகல் எந்நேரமும். உதவியாளர் எந்த அழைப்பையும் மறுக்கக் கூடாது. நேரக் கட்டுப்பாடு போடக் கூடாது. பேசியதை மாற்றக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டாரை நம்பியிருந்த காலத்தின் வேதனைகள் ஒவ்வொன்றுக்கும் இதில் பதில் இருப்பதைப் பாருங்கள். 2001 முதல் நாடு முழுவதும் 711 என்று மூன்று எண்ணை அழுத்தினால் ரிலே கிடைக்கிறது.

செலவு? அதைப் பயன்படுத்துகிறவர் தலையில் கட்டவில்லை. கம்பெனிகள் ஒரு பொது நிதிக்குக் கொடுக்கின்றன. அது எல்லா வாடிக்கையாளர்களின் கட்டணத்திலும் சிறு துளியாகப் பரவிவிடுகிறது. 'நான் பயன்படுத்தாததற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்' என்று சிலர் கேட்கத்தான் செய்தார்கள். நமக்கு இது புதிய கேள்வியா என்ன? தரைத்தளத்தில் இருப்பவர் லிஃப்ட்டுக்கு ஏன் மெயின்டெனன்ஸ் தர வேண்டும் என்று நாமும் எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்! பொது வசதி என்றால் பொதுச் செலவு என்ற அதே பதில்தான் அங்கேயும்.

தற்செயலாகக் கிடைத்து, தற்செயலாகப் போனது

நம் வளாகத்தில் காதுக்கருவி அணிந்திருக்கும் பெரியவர்கள் பலர் இருப்பதால் இதையும் சொல்கிறேன். பழைய தொலைபேசி ரிசீவரிலிருந்து கொஞ்சம் காந்தப்புலம் கசியும். அது ஒரு குறைதான். ஆனால் காதுக்கருவிக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருள் வைத்தால், அந்தக் கசிவைப் பிடித்து, சுற்றுப்புற இரைச்சல் இல்லாமல் ஃபோன் பேச்சை மட்டும் தெளிவாகக் கேட்கலாம் என்று கண்டுகொண்டார்கள். காதுக்கருவியில் 'டி' என்ற நிலை இருக்குமே, அது இதற்குத்தான்.

பிறகு பொறியாளர்கள் ரிசீவரை மேம்படுத்தினார்கள். கசிவு நின்றது. கூடவே காதுக்கருவிக்காரர்களின் ஃபோனும் நின்றது! யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் 1988-ல் ஒரு சட்டம் போட்டு, புதிய ஃபோன்கள் காதுக்கருவியோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

டிஜிட்டல் செல்போன் வந்தபோதும் இதே கதை. அது குரலைச் சுருக்கி அனுப்பும். மனிதக் குரலுக்கு ஏற்ற சுருக்கம் டிடிஒய்-யின் கீச்சொலிகளைச் சிதைத்தது. எழுத்துகள் குழம்பின. மறுபடியும் போராட்டம், மறுபடியும் திருத்தம்.

திரைப்படத்திலும் இப்படித்தான். ஊமைப்பட காலத்தில் எழுத்து அட்டைகள் வந்ததால் எல்லோரும் சேர்ந்து ரசித்தார்கள். 1927-க்குப் பிறகு பேசும்படம் வந்ததும் காது கேளாதவர்கள் வெளியே நின்றார்கள். தொலைக்காட்சியில் வசன வரிகளோடு ஒரு நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒளிபரப்பானது 1972-ல்தான். ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சி அது. 1980-ல் வேண்டியவர் மட்டும் பார்க்கும்படியான வசன வரி வந்தது. ஆனால் அதற்குத் தனியே ஒரு பெட்டி வாங்க வேண்டும். விலை 200 டாலருக்கு மேல். வாங்கியவர் குறைவு, அதனால் வசன வரி போட்ட நிகழ்ச்சிகளும் குறைவு. 1990-ல் ஒரு சட்டம் வந்தது. 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே சேர்த்தபோது ஆன கூடுதல் செலவு சில டாலர்தான்.

இன்று அதை யார் பயன்படுத்துகிறார்கள்? குழந்தை தூங்கும்போது ஒலியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கும் தாய். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாமல் ஓடிடி-யில் சப்டைட்டில் போட்டுக்கொள்ளும் நாம். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வீட்டு இண்டர்காமில் 5 என்ற பொத்தானைத் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு மேடு இருக்கும். பார்வையற்றவர் விரலால் எண்களை அறிய வைத்த அடையாளம். மின்வெட்டு இருட்டில் அது உங்களுக்கும் வழிகாட்டும்.

இணையத்தின் தந்தைகளில் ஒருவரான விண்ட் செர்ஃபுக்குக் காது மந்தம். அவர் மனைவி சிக்ரிட் பல ஆண்டுகள் முற்றிலும் கேளாதவராக இருந்தவர். மின்னஞ்சல் தனக்கு எவ்வளவு உதவியது என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2009-ல் வந்த ஐஃபோன் 3ஜிஎஸ்-ல் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் வாய்ஸ்ஓவர் வசதி உள்ளேயே இருந்தது. பொத்தானே இல்லாத கண்ணாடித் திரையைப் பார்வையற்றவர்கள் சரளமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2010-ல் அமெரிக்கா இன்னொரு சட்டம் போட்டு, இணையவழித் தொடர்புச் சேவைகளையும் இந்த வரம்புக்குள் கொண்டுவந்தது. 2016-ல், அடிக்க அடிக்க எழுத்து எழுத்தாக மறுமுனையில் தெரியும் முறைக்கு டிடிஒய் வழிவிடலாம் என்று ஆணையம் முடிவெடுத்தது. ரப்பர் குழிகளின் காலம் முடிந்தது.

நம் வளாகத்துக்கு வருவோம்

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. தகவல் தொடர்பும் அன்றாட மின்னணுப் பொருட்களும் எல்லோருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் வசதி, வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நம் கேட்டில் என்ன மாட்டுவது என்பதை டெல்லி முடிவு செய்யப்போவதில்லை. நாம்தான் முடிவு செய்யப்போகிறோம்.

மேலே சொன்ன வரலாற்றைத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிய கருவி வந்தது, சிலர் வெளியே நின்றார்கள், பல ஆண்டுகள் கழித்து அதிகச் செலவில் சரிசெய்தார்கள். வாங்கும்போதே கேட்டிருந்தால் சில டாலரில் முடிந்திருக்கும்.

ஆகவே வரும் பொதுக்குழுவில், விலைப்பட்டியலோடு இவற்றையும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டும் என்று உங்கள் முன் வைக்கிறேன்:

- இண்டர்காம் மணி அடிக்கும்போது விளக்கும் மின்னுமா? தேவைப்படும் வீட்டுக்கு மட்டும் பின்னர் சேர்க்க முடியுமா?
- பொத்தான் உள்ளதா, தொடுதிரை மட்டுமா? 5-ன் மேல் மேடு இருக்கிறதா? காதுக்கருவியின் 'டி' நிலையில் வேலை செய்யுமா?
- விருந்தினர் வந்தால் அழைப்பு மட்டும்தானா, எழுத்தில் செய்தி அனுப்பி 'சரி' வாங்கவும் வழி உண்டா?
- ஆப் என்றால், கைபேசியின் டாக்பேக், வாய்ஸ்ஓவர் அதைப் படிக்குமா? நம் எதிரிலேயே இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.
- லிஃப்ட்டில் அவசரப் பொத்தானை அழுத்தினால், 'உதவி வருகிறது' என்று விளக்கோ எழுத்தோ காட்டுமா? குரல் மட்டும் என்றால் உள்ளே மாட்டிக்கொண்ட காது கேளாதவருக்கு யாராவது வருகிறார்களா என்பதே தெரியாது.
- தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் உண்டா?

காசு செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. சுற்றறிக்கையைப் புகைப்படமாக மட்டும் வாட்ஸ்அப்பில் போடாமல், எழுத்தாகவும் போடலாம். தண்ணீர் வராது, மின்சாரம் இருக்காது என்பதைக் குரல் பதிவாக மட்டும் அனுப்பாமல் ஒரு வரி எழுதலாம். பொதுக்குழுவில் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் வசதி இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. ஒரு திரையில் ஓடவிடலாம். செக்யூரிட்டி அறையில் ஒரு சிலேட்டும் பேனாவும் வைக்கலாம்.

'நம் வளாகத்தில் அப்படி யாரும் இல்லையே' என்று ஒரு குரல் எழும். 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கேட்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிளாக்குகளில் எத்தனை பேர் 60-ஐக் கடந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பலர் வெளியே சொல்வதில்லை. 'மணி அடித்தது கேட்கவில்லை' என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள். புதிய இண்டர்காம் பல வருடங்கள் இருக்கும். அதற்குள் நம்மில் எத்தனை பேருக்கு எது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஒன்று. டிடிஒய்-யை உருவாக்கியவர்கள் அதைத் தேவைப்பட்டவர்களே. எனவே விற்பனையாளரைக் கேட்பதற்கு முன், நம்மிடையே இருப்பவர்களைக் கேட்போம். உங்கள் வீட்டில் யாருக்கேனும் பார்வை, கேட்டல், பேச்சு, கை அசைவு சார்ந்த ஏதாவது தேவை இருந்தால், பொதுக்குழுவுக்கு முன் சங்க அலுவலகத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் பிளாக் மட்டும் எழுதினால் போதும். சீட்டுகள் வந்த பிறகு விலைப்பட்டியலைப் பிரிப்போம்.